திப்பிலியும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒரே குழியில்: தாவரச் சாற்றை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துச் சோதிக்க முழுமையான வழிகாட்டி

தை, மாசி வந்தால் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் காலம். ஏதோ ஓர் இலையின் சாறு, நான்கு பெட்ரி தட்டு, அவற்றில் வட்ட வட்டமாகத் தெளிந்த இடம். "சோன் வந்திருக்கு சார்" என்று மாணவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். சந்தோஷம்தான். ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு வருபவர் "சரி, அப்புறம்?" என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த ஊர்ப் பக்கம் வளரும் பாதிச் செடிகளின் சாற்றைக் கெட்டியாக ஊற்றினால் ஏதோ ஒரு பாக்டீரியா செத்துத்தான் போகும்.

அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: வேலை செய்யாமல் போன ஆன்டிபயாட்டிக்கை இந்தச் சாறு மறுபடி வேலை செய்ய வைக்குமா? 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் கணக்கு வெளியிட்டது. புது ஆன்டிபயாட்டிக் சந்தைக்கு வருவது அரிது. இருக்கும் மருந்துக்கு ஒரு துணை தேடுவது நியாயமான வழி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதியும், மேற்பார்வைக்கு ஆளும் உள்ள ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை. வீட்டில் மாத்திரையோடு கஷாயம் குடித்துப் பார்ப்பதற்கான குறிப்பு இது இல்லை. ஏன் கூடாது என்பது கடைசியில் வருகிறது.

எதற்காகச் சேர்க்கிறோம்

மருந்துக் கடையில் தினமும் விற்கும் ஓர் உதாரணம் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. கிளாவுலானிக் அமிலம் தனியாகக் கிருமியைப் பெரிதாக எதுவும் செய்யாது. அமாக்சிசிலினை உடைக்க பாக்டீரியா விடும் நொதியை அது முடக்குகிறது. அமாக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கிறது. அந்தத் துணைப்பொருள் கிடைத்தது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து. நாம் தேடுவது, அதே வேலையைச் செய்யும் பொருள் செடியில் இருக்கிறதா என்பதை.

இருக்கிறது என்று அழகாகக் காட்டியது 2000-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் இனச் செடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் உள்ள பெர்பெரின் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது. நம்மூர் மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தருவதும் இதே பெர்பெரின்தான். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நார்-ஏ என்ற பம்பை வைத்துப் பெர்பெரினை உள்ளே வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிடும். அதே செடியில் 5-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்று இன்னொரு பொருள் இருந்தது. தனியாகச் சோதித்தால் அது ஒன்றுக்கும் உதவாது. பெர்பெரினோடு சேர்த்தால் பம்பை அடைத்துவிடுகிறது. நாம் ஆய்வுக்கூடத்தில் போட நினைக்கும் காம்பினேஷனைச் செடி எப்போதோ போட்டு வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மரமஞ்சள் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். அந்தக் கொடி அழிவின் விளிம்பில் இருக்கிறது. சமையலறையிலேயே நல்ல ஆள் உண்டு. திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், நார்-ஏ பம்பைத் தடுத்து சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கை கொடுப்பதாக 2006-இல் ஜம்மு ஆய்வகத்தினர் வெளியிட்டார்கள். இந்த வழிகாட்டி முழுக்க திப்பிலிச் சாறு, சிப்ரோஃப்ளாக்சசின், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மூன்றை வைத்தே சொல்லப் போகிறேன். உங்கள் செடியும் மருந்தும் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

படி 1: ஒரு செடி, ஒரு மருந்து, ஒரு காரணம்

ஐந்து செடி, நான்கு மருந்து, ஆறு கிருமி என்று தொடங்கும் புராஜெக்ட் 120 சோதனைகளில் சிக்கி, ஒன்றையும் மூன்று தடவை செய்து பார்க்க நேரமில்லாமல் முடியும். ஒரு சேர்க்கையை ஒழுங்காகச் செய்யுங்கள். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமும் வேண்டும். பம்பால் தப்பிக்கும் கிருமிக்குப் பம்பை அடைக்கும் பொருள். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு, அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு, பீட்டா-லாக்டம் (பெனிசிலின் வகை) மருந்தோடு தேயிலையில் உள்ள கேட்டசின்கள். இப்படி ஏதாவது ஒரு தர்க்கம்.

இங்கே பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து வரும் சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்புக் கிருமிகளில் பெரும்பாலும் மருந்து போய் ஒட்ட வேண்டிய நொதியின் மரபணுவே மாறியிருக்கும். பம்பு அதற்கு மேல் ஒரு கூடுதல் கவசம். பம்பை அடைத்தால் எதிர்ப்பில் ஒரு பகுதிதான் குறையும். கிருமியை நிறுத்த மி.லி.க்கு 64 மைக்ரோகிராம் மருந்து தேவைப்பட்டது 16-க்கு இறங்கலாம். அப்படி இறங்கியும் நோயாளிக்குப் பயனில்லாத அளவிலேயே நிற்கலாம். அறிவியலாக அது நல்ல முடிவு, மருந்தாக அது முடிவில்லை. இந்த வேறுபாட்டை முதல் நாளே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளை முதல் புராஜெக்டுக்கு எடுக்க வேண்டாம் என்பேன். வெளிச்சவ்வும் வலுவான பம்புகளும் சேர்ந்து தாவரப் பொருள்களில் பெரும்பாலானவற்றை உள்ளேயே விடாது.

படி 2: செடி இதுதான் என்று நிரூபியுங்கள்

நாட்டு மருந்துக் கடையில் "திப்பிலி" என்று கேட்டால் "எந்தத் திப்பிலி?" என்பார். அரிசித்திப்பிலி என்பது காய். கண்டந்திப்பிலி என்பது அதே கொடியின் தண்டும் வேரும். யானைத்திப்பிலி வேறு செடியே. நமக்கு வேண்டியது அரிசித்திப்பிலி. காயோடு இலையும் கொடியும் உள்ள மாதிரியை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவை நிறுவனத்தின் தெற்கு வட்டார மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ (உலர் தாவரச் சேகரிப்பகம்) கொடுத்துப் பெயரை உறுதி செய்து, மாதிரி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத ஆய்வை நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

படி 3: சாறு எடுப்பது

நிழலில் உலர்த்தி, கரகரப்பாகப் பொடித்து, 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. எத்தனால் அல்லது மெத்தனால். ஷேக்கரில் மூன்று நாள். வாட்மேன் 1 தாளில் வடித்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் கரைப்பானை ஓட்ட வேண்டும். கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் பிசினை வெற்றிடத்தில் உலர்த்தி எடை போடுங்கள். மறுநாளும் எடை போடுங்கள். எடை இன்னும் குறைந்தால் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சோதித்தால் மெத்தனாலின் கொல்லும் குணத்தைத் திப்பிலியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பைப்பரின் வெளிச்சத்தில் உருமாறும். பழுப்புக் குப்பி, மைனஸ் 20 டிகிரி. வாய்ப்பிருந்தால் சாற்றில் எவ்வளவு பைப்பரின் இருக்கிறது என்று, கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் அளந்துவிடுங்கள். 343 நானோமீட்டர் பக்கத்தில் அது நன்றாகத் தெரியும். அடுத்த மாதம் வாங்கும் திப்பிலியில் அதே அளவு இருக்காது என்பதால், புராஜெக்ட் முழுவதற்கும் தேவையான சாற்றை ஒரே தடவையில் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பின்னால் நீர்த்துப் பயன்படுத்தும் ஸ்டாக் கரைசல்: ஒரு மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) 100 மி.கி. சாறு.

படி 4: மருந்து

கடையில் மாத்திரை வாங்கி இடித்துக் கரைக்காதீர்கள். மாத்திரையில் நிரப்பிகளும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஜாதி. ஆய்வுத் தரத் தூள் வாங்குங்கள். அதன் குப்பியிலோ சான்றிதழிலோ வீரியம் எழுதியிருக்கும். ஒரு மி.கி. தூளில் 950 மைக்ரோகிராம் மருந்து என்று போட்டிருந்தால், மி.லி.க்கு 1280 மைக்ரோகிராம் வீதம் 10 மி.லி. தயாரிக்க 12,800-ஐ 950-ஆல் வகுத்து, சுமார் 13.5 மி.கி. எடுக்க வேண்டும். 12.8 எடுத்தால் தொடக்கத்திலேயே 5 சதவீதம் குறைவு. ஹைட்ரோகுளோரைடு உப்பாக வாங்கினால் தண்ணீரிலேயே கரையும்.

படி 5: கிருமியும் அதன் கணக்கும்

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் இரண்டு திரிபுகள் (ஸ்ட்ரெய்ன்) போதும். ஒன்று, ஏ.டி.சி.சி. 29213 என்ற கட்டுப்பாட்டுத் திரிபு. இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்புள்ள திரிபு. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற சேமிப்பகங்களில் விசாரிக்கலாம். மருத்துவமனை மாதிரி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகே.

கட்டுப்பாட்டுத் திரிபை எதற்கு வைக்கிறோம்? சிப்ரோஃப்ளாக்சசினின் எம்.ஐ.சி., அதாவது கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு, 29213-க்கு மி.லி.க்கு 0.12 முதல் 0.5 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும். ஒருநாள் 2 என்று வந்தால் அன்று எடுத்த எல்லா அளவுகளும் குப்பைக்கு. மருந்து கெட்டிருக்கலாம், கிருமியை அதிகம் போட்டிருக்கலாம், ஊடகம் தப்பாகியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது.

முந்தின நாள் அகார் என்ற கெட்டி ஊடகத்தில் வளர்ந்த காலனிகளை உப்புநீரில் கலக்கி, 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தர அளவுக் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். 625 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை காட்டும். அதாவது மி.லி.க்குச் சுமார் 10 கோடி பாக்டீரியா. அதை முல்லர்-ஹின்டன் குழம்பில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் திரவ ஊடகத்தில், நூறு மடங்கு நீர்த்தால் 10 லட்சம். சோதனை நடக்கும் 96 குழி பிளேட்டின் குழியில், மருந்தோடு பாதிக்குப் பாதி சேரும்போது 5 லட்சம். இந்த 5 லட்சம்தான் உலகெங்கும் எம்.ஐ.சி.க்கு வைத்துக்கொள்ளும் அளவு.

சரியாகப் போட்டீர்களா என்று பார்க்க ஒரு சின்ன வேலை. கிருமி போட்டவுடன், மருந்தில்லாக் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மி.லி. உப்புநீரில் கலக்கி, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மறுநாள் ஏறக்குறைய 50 காலனி இருக்க வேண்டும். 300 இருந்தால் அந்த பிளேட்டை நம்ப வேண்டாம்.

படி 6: முதலில் தனித்தனியாக

சாற்றின் எம்.ஐ.சி. எவ்வளவு, மருந்தின் எம்.ஐ.சி. எவ்வளவு என்று தெரியாமல் சேர்க்கையைத் தொடாதீர்கள். வட்டம் அளக்கும் முறையை இதற்கு நம்ப முடியாது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் அகாரில் பரவாது. நல்ல சாறு சின்ன வட்டம் காட்டும், தண்ணீராகக் கரையும் சாதாரணச் சாறு பெரிய வட்டம் காட்டும்.

சாற்றின் எம்.ஐ.சி. மி.லி.க்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டினால், அதை "கிருமிநாசினி" என்று எழுத வேண்டாம். 100-க்குக் கீழே வந்தால்தான் அது உண்மையில் சுவாரசியமான சாறு என்று 2005-இல் ரியோஸ், ரெசியோ இருவரும் எழுதினார்கள். அந்த அளவுகோலை நானும் பின்பற்றுகிறேன். ஆனால் துணைக்கு வரும் பொருளுக்குத் தனி வலிமை தேவையில்லை என்பதை மேலே பெர்பெரின் கதையில் பார்த்தோம்.

படி 7: சதுரங்கக் கட்டம்

மருந்தையும் சாற்றையும் பல அளவுகளில் ஒரே பிளேட்டில் சேர்த்துப் பார்ப்பதைத்தான் சதுரங்கக் கட்டம் என்கிறோம். இதுதான் முக்கியமான நாள். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 96 குழியில் பாதி போனபின் எந்தக் குழியில் ஊற்றினோம் என்று மறந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிளேட்டில் குறுக்கே 12 நெடுவரிசை, கீழ்நோக்கி ஏ முதல் எச் வரை 8 வரிசை. மருந்து இடமிருந்து வலமாகக் குறையும். சாறு மேலிருந்து கீழாகக் குறையும். நம் எதிர்ப்புத் திரிபுக்கு, மி.லி.க்கு மைக்ரோகிராமில், மருந்தின் எம்.ஐ.சி. 16, சாற்றின் எம்.ஐ.சி. 500 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சொல்லித்தர நான் எடுத்த எண்கள் இவை. முதல் நெடுவரிசையில் மருந்து 32, அடுத்தது 16, அப்படியே பாதி பாதியாகப் போய் 11-ஆவதில் 0.03. பன்னிரண்டாவதில் மருந்தே கிடையாது. ஏ வரிசையில் சாறு 1000, பி-யில் 500, ஜி-யில் 15.6. எச் வரிசையில் சாறே கிடையாது. ஆக எச் வரிசை மருந்தின் தனி எம்.ஐ.சி.யைக் காட்டும், 12-ஆம் நெடுவரிசை சாற்றின் தனி எம்.ஐ.சி.யைக் காட்டும், எச்-12 மூலையில் கிருமி தாராளமாக வளர வேண்டும்.

ஒவ்வொரு குழியிலும் மருந்துக் கரைசல் 50, சாற்றுக் கரைசல் 50, கிருமி 100, மொத்தம் 200 மைக்ரோலிட்டர். மருந்தும் சாறும் நான்கில் ஒரு பங்காக நீர்த்துப்போவதால் இரண்டையும் நான்கு மடங்கு கெட்டியாகத் தயாரிக்க வேண்டும். பிளேட்டிலேயே நீர்த்துக்கொண்டு போகாதீர்கள். 11 குழாயில் மருந்து, 7 குழாயில் சாறு என்று தனியாகத் தயாரித்து, அதிலிருந்து ஊற்றுங்கள். மருந்துக் குழாய் ஒன்றிலிருந்து எட்டுக் குழிக்கு 400 மைக்ரோலிட்டர், சாற்றுக் குழாய் ஒன்றிலிருந்து பன்னிரண்டு குழிக்கு 600. கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டி.எம்.எஸ்.ஓ. விஷயத்தில் ஒரு நுணுக்கம். சாற்றை வெறும் குழம்பில் நீர்த்தால் ஏ வரிசையில் 1 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ., பி-யில் அரை சதவீதம், எச்-இல் பூஜ்யம் என்று ஆகிவிடும். மருந்தின் வேலை மேல் வரிசைகளில் கூடினால், கூட்டியது திப்பிலியா கரைப்பானா? பதில் சொல்ல முடியாது. அதனால் ஸ்டாக்கிலிருந்து முதல் குழாயை மட்டும் வெறும் குழம்பில் தயாரித்து (அதிலேயே 4 சதவீதம் வந்துவிடும்), அடுத்த குழாய்களை 4 சதவீத டி.எம்.எஸ்.ஓ. கலந்த குழம்பில் நீர்த்து, எச் வரிசைக்கும் அதே 4 சதவீதக் குழம்பை ஊற்றுங்கள். எல்லாக் குழியிலும் ஒரே சீராக 1 சதவீதம் இருக்கும்.

பக்கத்திலேயே இரண்டாவது பிளேட் ஒன்று. அதில் அதே சாறு, அதே அளவுகள், ஆனால் கிருமி கிடையாது. ஓரத்தில் டி.எம்.எஸ்.ஓ. இல்லாமல் வெறும் குழம்பில் கிருமி மட்டும் உள்ள குழிகள் சில. இந்த இரண்டாவது பிளேட்டை "பிளேட் வீணாகுதே" என்று மிச்சம் பிடிப்பவர்கள் பின்னால் ஒரு மாதத்தை வீணாக்குவார்கள்.

மூடி, ஈரத்துணி வைத்த டப்பாவுக்குள் அடுக்கி, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். நான்குக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பது மெதுவாகச் சூடாகும். ஈரமில்லாவிட்டால் ஓரக் குழிகள் வற்றி, மருந்து கெட்டியாகி, பொய்யான நல்ல முடிவு காட்டும்.

படி 8: காலையில் பிளேட்டைப் பார்ப்பது

ஆன்டிபயாட்டிக் மட்டும் என்றால் கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். சாறு வந்தால் அது நடக்காது. ஏ வரிசை பழுப்பாக இருக்கும். பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் மேல் வரிசைகளில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது வளர்ச்சியா, வீழ்படிவா? ஆப்டிகல் டென்சிட்டி அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் எல்லாரும் ரெசாஸுரின் சாயம் போடுகிறார்கள். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். 0.015 சதவீதக் கரைசலில் 30 மைக்ரோலிட்டர் போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

போதுமா? ஒரு வருஷம் மாதுளைத் தோல் சாற்றில் நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். மேல் வரிசைகள் எல்லாம் இளஞ்சிவப்பு, கீழ் வரிசைகள் நீலம். சாறு அதிகமானால் கிருமி நன்றாக வளர்கிறது! மாதுளை மருந்தை முறிக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் அதற்குக் காரணம் தேடிப் படித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு மாணவி, கிருமி போடாத குழியில் சாயத்தை விட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் இளஞ்சிவப்பு. சாற்றில் இருந்த பாலிஃபீனால்களே சாயத்தை மாற்றிக்கொண்டிருந்தன. வளர்ச்சியைக் காட்ட வேண்டிய சாயம் சாற்றின் வேதியியலைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு இரண்டாவது பிளேட் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சந்தேகம் வரும் ஒவ்வொரு குழியிலிருந்தும் சாயம் போடும் முன்பே 5 மைக்ரோலிட்டரை எடுத்து, அகார் தட்டில் கட்டம் போட்டு ஒற்றிவிடுங்கள். மறுநாள் காலனி இருந்தால் அந்தக் குழியில் கிருமி உயிரோடு இருந்தது. ஒன்றுமில்லாவிட்டால் கொல்லப்பட்டது. நடுவில் ஒரு நிலை உண்டு: வளராமல், சாகாமல் உறங்கிக்கிடந்த கிருமி அகாரில் விழித்துக்கொள்ளும். அதனால் ஒற்றுவதை எம்.ஐ.சி.க்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், சாயத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

படி 9: கணக்கு

எச் வரிசையில் வளர்ச்சி நின்ற இடம் 16. பன்னிரண்டாம் நெடுவரிசையில் வளர்ச்சி நின்ற இடம் 500. இப்போது உள்ளே பாருங்கள். வளர்ந்ததற்கும் வளராததற்கும் இடையில் படிக்கட்டு மாதிரி ஓர் எல்லை ஓடும். அந்தப் படிக்கட்டில் மருந்து 2, சாறு 125 என்ற குழி தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மருந்தின் பங்கு: 2-ஐ 16-ஆல் வகுத்தால் 0.125. சாற்றின் பங்கு: 125-ஐ 500-ஆல் வகுத்தால் 0.25. இரண்டையும் கூட்டினால் 0.375. இதற்குப் பெயர் எஃப்.ஐ.சி. குறியீடு. 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டும் ஒன்றையொன்று வலுவாக்குகின்றன, அதாவது சினர்ஜி. 4-க்கு மேல் என்றால் ஒன்றையொன்று முறிக்கின்றன. நடுவில் எல்லாம் "குறிப்பிடத்தக்க உறவு இல்லை". 0.5-க்கும் 1-க்கும் நடுவே "கூட்டல் விளைவு" என்று ஒரு வகை வைத்துச் சிலர் மகிழ்வார்கள். நான் வைப்பதில்லை. காரணம் கீழே.

எம்.ஐ.சி. அளவில் ஒரு படி ஏற்ற இறக்கம் சகஜம். இன்று 16, நாளை 8. அது தவறில்லை, முறையின் இயல்பு. மேலே உள்ள கணக்கில் மருந்தின் தனி எம்.ஐ.சி. 16-க்குப் பதில் 8 என்றும், சேர்க்கையில் 2-க்குப் பதில் 4 என்றும் மாறட்டும். 4-ஐ 8-ஆல் வகுத்தால் 0.5, சாற்றின் 0.25 சேர்ந்து 0.75. நேற்று சினர்ஜி, இன்று ஒன்றுமில்லை. ஒரே பிளேட்டில் வந்த 0.5-ஐ வைத்துக் கட்டுரை எழுதுவது மணலில் வீடு கட்டுவதுதான். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியோடு, குறைந்தது மூன்று தடவை செய்யுங்கள். மூன்றிலும் 0.5-க்குக் கீழே நின்றால் நம்பலாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். சாற்றின் தனி எம்.ஐ.சி. கிடைக்கவே இல்லை, 1000-த்திலும் கிருமி வளர்கிறது. அப்போது எதை வைத்து வகுப்பது? 2000 என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் குறியீட்டையே விட்டுவிட்டு, "மி.லி.க்கு 125 மைக்ரோகிராம் சாறு இருந்தால் மருந்தின் எம்.ஐ.சி. 16-இலிருந்து 2-க்கு இறங்கியது, எட்டு மடங்கு" என்று நேராகச் சொல்லிவிடலாம். எனக்கு இதுவே பிடிக்கும்.

முறிப்பு வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், காரணம் தேடுங்கள். தண்ணீரில் எடுத்த சாற்றில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு நிறைய வரும். சிப்ரோஃப்ளாக்சசின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போகும். அந்த மாத்திரையைப் பாலோடு விழுங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். டானின் நிறைந்த சாறுகள் புரதங்களைப் பிடித்துக்கொண்டு ஊடகத்தையே கெடுக்கும்.

படி 10: நேரம் வைத்துக் கொல்வது

சதுரங்கக் கட்டம் 18 மணி நேரம் கழித்து ஒரே ஒரு படம் எடுக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. நான்கு குடுவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுமில்லாதது, மருந்து 2 மட்டும், சாறு 125 மட்டும், இரண்டும் சேர்ந்தது. 0, 4, 8, 24 மணியில் கொஞ்சம் எடுத்து, பத்து பத்து மடங்காக நீர்த்து, அகாரில் பரப்பி எண்ணுங்கள். 24 மணியில் சேர்க்கையில் உள்ள கிருமி, தனித்தனியில் சிறப்பாக வேலை செய்ததைவிட நூறு மடங்கு குறைந்திருந்தால் சினர்ஜி. கட்டத்தில் 0.375 காட்டிவிட்டு இங்கே ஒன்றுமில்லாமல் போவது உண்டு. 8 மணியில் அடங்கிய கிருமி 24 மணியில் முழுசாகத் திரும்பி வருவதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் போடுங்கள்.

பம்புதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் தனிச் சோதனை வேண்டும். எத்திடியம் புரோமைடு பாக்டீரியாவுக்குள் இருந்தால் ஒளிரும், பம்பு வெளியே இறைத்தால் ஒளி மங்கும். சாறு போட்டதும் மங்குவது நின்றால் பம்பு அடைபட்டிருக்கிறது. அது மரபணுவைப் பாதிக்கும் சாயம் என்பதால் கையுறை, தனிக் கழிவு, பொறுப்பான மேற்பார்வை. திப்பிலிச் சாற்றுக்குப் பக்கத்தில் சுத்தமான பைப்பரினையும் சோதித்தால், வேலை செய்வது பைப்பரினா இல்லை சாற்றில் உள்ள வேறெதுவுமா என்று தெரியவரும்.

வீட்டுக்கு ஏன் கொண்டுபோகக் கூடாது

மி.லி.க்கு 125 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு 125 மி.கி. உடலில் 5 லிட்டர் ரத்தம் என்றால் 625 மி.கி. சாறு அப்படியே ரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். குடல் உறிஞ்சாமல் விட்டது போக, கல்லீரல் சிதைத்தது போக மிஞ்சுவதாக. திப்பிலியை மென்று அந்த அளவை எட்ட முடியாது. புண்ணுக்கு மேலே பூசும் மருந்தாக வேண்டுமானால் யோசிக்கலாம். அதற்கும் முன்பு மனிதச் செல்களைச் சாறு கொல்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சர்ப்பகந்தியில் உள்ள ரெசர்பின் நார்-ஏ பம்பை நன்றாகவே அடைக்கும். ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு மனிதனுக்கு நஞ்சு. அதனால் அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது.

பைப்பரினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். இந்த "உயிர்ப்பு கூட்டி" என்ற கருத்தை 1979-இல் ஜம்முவில் சி.கே. அடல் முன்வைத்தார். அந்த வழியில் வந்ததுதான் காசநோய்க்கான ரிசோரின். அதில் 10 மி.கி. பைப்பரின் சேர்த்திருப்பதால் ரிஃபாம்பிசினை வழக்கமான 450-க்குப் பதில் 200 மி.கி. மட்டும் வைத்திருக்கிறார்கள். இது பிளேட்டில் நாம் பார்த்த சினர்ஜி கிடையாது. கிருமியிடம் ஒன்றும் நடக்கவில்லை, மனித உடலிடம்தான் நடக்கிறது. ஆய்வறிக்கைகளில் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பி எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மாத்திரை வேறு. வலிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து சாப்பிடுபவர், கூடவே பைப்பரின் மாத்திரையை விழுங்கி ஃபெனிடாயின், தியோஃபிலின் அளவைத் தெரியாமல் ஏற்றிக்கொள்வது வேறு.

கடைசி வேலைகள்

பிளேட்டுகள், பிப்பெட் முனைகள், அகார் தட்டுகள் எல்லாம் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே. எதிர்ப்புத் திரிபை வாஷ் பேசினில் ஊற்றிவிட்டுப் போனவரை அடுத்த முறை உள்ளே விட மாட்டேன்.

குப்பிகளில் செடி, பாகம், கரைப்பான், எடுத்த தேதி, ஹெர்பேரியம் எண் ஐந்தையும் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் ஒரு சொட்டு மெத்தனால் பட்டதும் அழிந்துபோகும். பென்சிலில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டுங்கள். தோற்ற பிளேட்டுகளின் படத்தையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை தடவை செய்தீர்கள், எத்தனை தடவை வந்தது?" என்று தேர்வாளர் கேட்கும்போது அவற்றைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.